வாசிக்காமல் விட்ட பெயர்

இயேசு மரி சூசை

எழுவைதீவு,
கார்த்திகை 15.

அன்பு மகன் நிருபனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி தர்சனா எழுதுவது. சுகம் விசாரிக்க முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆத்துமாக்கள் திருநாளன்று சவக்காலையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு போகையில், உன் தம்பி றஜீபனின் பெயர் வர முதலே, இதை எழுதுகிற இவள் என் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். அன்றைக்கு நான் முதலில் கண்டது அதைத்தான். குளிருகிறதாக்கும் என்று நினைத்தேன். அந்த வெயிலுக்குள் யாருக்குக் குளிரும்?

ஆண்டவருடைய காவலில் நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். எனக்கு முழங்கால் நோ மட்டும் இருக்கிறது, அது செபமாலை சொல்லும்போதுதான் வரும், கலியாண வீட்டுக்குப் போகும்போது வராது என்று தங்கச்சி பகிடி பண்ணுகிறாள். நீயும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பின்னேரச் செபமாலையில் ஒரு பத்து மணியை உனக்கென்றே சொல்லி வருகிறேன். மழை இந்த முறை நேரத்தோடு வந்துவிட்டது, கிணற்றுத் தண்ணீரின் உவர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிற கதைகள். ஆனால் திருநாள் முடிந்த மற்ற நாளில் இருந்து இன்றுவரை நீ என்னோடு கதைக்கவில்லை. தங்கச்சி அனுப்புகிற செய்திக்கு இரண்டு நீலக் கோடு விழுகிறதாம், அப்படியென்றால் நீ வாசித்துவிட்டாய் என்று கருத்தாம். போனை வெட்டலாம் மகன், கடிதத்தை வெட்ட ஏலாது. அதனால்தான் கொப்பியில் தாள் கிழித்து எழுதுவிக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. நின்ற நிலையில் வாசிக்காமல் இருந்து முழுக்க வாசி.

அன்று நடந்ததை இவள் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் வாயால் நீ கேட்கவேண்டும். ஐப்பசி கடைசியில் கோயிலில் இருந்து வீட்டுக்கு வீடு வருகிற தாள் உனக்கு நினைவிருக்கும். அதில் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போம், ஆத்துமாக்கள் திருநாளன்று சுவாமி கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போக, கோயில் பொறுப்பைப் பார்க்கிற சங்கிலித்தாம் பின்னால் நின்று பெயர்களை வாசிப்பார். எனக்கு எழுத்துத் தெரியாது, நான் சொல்ல இவள் எழுதுவாள். றஜீபன் போனதற்குப் பிறகு இது மூன்றாவது தாள். மூன்று முறையும் நான் ஐந்து பெயர்தான் சொன்னேன், உங்கள் அப்பா பஸ்ரியாம்பிள்ளை, அவருடைய தாய் தகப்பன், என்னுடைய தாய் தகப்பன். றஜீபனின் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவன் கடலுக்குக் கொண்டுபோன படகு நெடுந்தீவுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது, கழற்றி வைத்த சேட்டும் சோற்றுப் பெட்டியும் அப்படியே உள்ளே இருந்தன, ஆள் மட்டும் இல்லை. நெற்றியில் சிலுவை போட்டு வழியனுப்ப ஒரு உடல் கிடைக்காத தாய் எப்படி அந்தத் தாளில் பெயர் போடுவாள்? இந்தியாப் பக்கம் எங்கேயோ கரை ஏறியிருப்பான், மறியலில் வைத்திருப்பார்கள், ஒருநாள் விடுவார்கள் என்று செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். தொலைந்த ஆட்டையும் தொலைந்த தோட்டையும் கண்டுபிடித்துத் தந்தவர் என் பிள்ளையை விட்டுவிடுவாரா என்று அவரோடு சண்டையும் பிடித்தேன். மாதம் ஒருக்கால் அவன் சேட்டுகளைத் தோய்த்து வெயிலில் போட்டு மடித்து அலுமாரியில் வைத்தேன். வந்து நிற்கிற அன்றைக்குப் போட ஒன்று வேண்டுமே.

இந்த முறை சவிரிமுத்து அண்ணர் வாசிக்கவில்லை. கண்ணில் பூ விழுந்து, அதை வெட்டி எடுப்பிக்க யாழ்ப்பாணம் போய்விட்டார். இருபது வருடம் சங்கிலித்தாமாக இருக்கிற மனிதருக்குப் பதிலாக, வடக்குக் கரையில் கடல் தொழில் செய்கிற ஜெகதீசைப் பிடித்து வாசிக்க விட்டார்கள். அவன் நல்ல பெடியன், ஆனால் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி மூச்சு விடாமல் வாசித்தான். உங்கள் அப்பாவின் பெயர் வந்தது, நான் நெற்றியில் சிலுவை போட்டேன். தங்கச்சி சேலையைப் பிடித்தாள். அடுத்ததாக, பஸ்ரியாம்பிள்ளை றஜீபன் என்று அவன் வாசித்தான். எனக்கு என்ன வந்ததென்று தெரியாது மகன். "அது பிழை தம்பி, அவன் சாகேல்லை, வெட்டு அந்தப் பேரை" என்று அவ்வளவு சனத்துக்கு நடுவில் கத்தினேன். சுவாமி தீர்த்தம் தெளிக்க ஓங்கின கை அப்படியே நின்றது. ஜெகதீஸ் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் தாளைப் பார்த்தான். "இல்லை மாமி, இதில எழுதிக் கிடக்கு" என்றான். அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? நான் உங்கள் அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி கூடக் கொளுத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் தங்கச்சி பேனையை வைத்துவிட்டாள், தன்னைப் பற்றித் தானே எழுதமாட்டாளாம். எழுது பிள்ளை, பெயர் எழுதின கைதானே என்றேன். இப்போது எழுதுகிறாள். இவள் எப்படியென்று உனக்குத் தெரியும், கடைக்குப் போனால் மற்றவர்கள் எல்லாம் வாங்கிப் போகும்வரை ஓரத்தில் நிற்கிற பிள்ளை. அன்றைக்குக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முகத்தைக் காட்டாமல் சொன்னாள். "நான்தான் அம்மா எழுதினனான். பெரியண்ணா எழுதச் சொன்னவர். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவர்." பிறகு இன்னும் மெல்லச் சொன்னாள். "இந்த வருசம் மட்டுமில்லை, மூண்டு வருசமும் எழுதினனான்."

அப்படியானால் போன இரண்டு வருடமும் ஏன் எனக்குக் கேட்கவில்லை என்று கேட்டேன். முதல் வருடம் பெயர் வரப்போகிறது என்று பயந்துகொண்டு நின்றாளாம். அப்பாவின் பெயரை வாசித்துவிட்டுச் சவிரிமுத்து அண்ணர் ஒரு மூச்சு இழுத்தாராம், பிறகு மற்ற வீட்டுப் பெயருக்குப் போய்விட்டாராம். கண் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, அடுத்த வருடம் கொட்டை எழுத்தில் எழுதினாளாம். அப்போதும் அதே இடத்தில் ஒரு மூச்சு, பெயர் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் வேண்டுமென்றே விடுகிறார் என்று இவளுக்கு விளங்கியது. இந்த வருடமும் விடுவார் என்ற தைரியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், தாள் ஜெகதீசின் கையில் இருக்கிறது. அதுதான் சேலையைப் பிடித்தது.

மற்ற நாள் விடிய ஜெகதீஸ் ஒரு கோர்வை ஒட்டி மீனோடு வாசலில் வந்து நின்றான். "மாமி, நான் தாளில இருந்ததைத்தான் வாசிச்சனான், ஒரு எழுத்துக் கூட்டேல்லை" என்றான். மீனை வாங்கிக்கொண்டு போ தம்பி என்று சொன்னேன், இரு என்று சொல்லவில்லை. நாலு நாள் நான் யாரோடும் கதைக்கவில்லை. தங்கச்சியோடும் இல்லை. உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதுவித்தால் இந்தத் தாள் போதாது. பெற்றவள் நான் இருக்க, அவனைச் செத்தவன் கணக்கில் போட நீ யார் என்று மனதுக்குள் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் சவிரிமுத்து அண்ணர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். செருப்புச் சத்தத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டார். "செபஸ்தியம்மாவோ, முதல்ல இருங்கோ, பிறகு பேசுங்கோ" என்றார். நான் இருக்கவில்லை. ஒரு தாயின் பிள்ளையின் பெயரை எடுக்கவும் விடவும் உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது, முதல் வருடமே வாசித்திருந்தால் முதல் வருடமே கத்தி முடித்திருப்பேன், சவக்காலையில் இப்படி வெட்கப்பட்டிருக்கமாட்டேன் என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவர் சிரித்தார். "வாசிச்சாலும் ஏச்சு, வாசிக்காட்டியும் ஏச்சு, இந்தச் சங்கிலித்தாம் வேலையை ஜெகதீசுக்கே குடுத்திடலாம் போல கிடக்கு" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். "நான் விடேல்லை செபஸ்தியம்மா. அந்த இடத்தில மனசுக்குள்ள வாசிச்சனான். உங்களுக்காகத்தான் சத்தமா வாசிக்கேல்லை. சனத்துக்கு விளங்கும். அந்த மூச்சு நேரம் எல்லாரும் தலையைக் குனிஞ்சு அவனுக்காக ஒரு சொல்லுச் செபிக்கும். முன்னுக்கு நிண்டபடியால் எனக்குத் தெரியும். ரண்டு வருசமும் நீங்கள் ஒராள்தான் நிமிர்ந்து நிண்டனீங்கள்."

நான் அதற்குப் பிறகுதான் இருந்தேன் மகன். கதிரையில் இல்லை, நிலத்தில். அவருடைய மனிசி தண்ணி கொண்டுவந்து தந்தா. எனக்கு அழுகை வரவில்லை, கணக்குத்தான் ஓடியது. மூன்று வருடமாகக் கடலில் போன என் பிள்ளையின் ஆத்துமத்துக்கு இந்தத் தீவில் உள்ள எல்லாச் சனமும் செபித்திருக்கிறது. சண்டைக்காரரும் செபித்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவோடு வலைச் சண்டையில் வெட்டுக்கு நின்றவனும் செபித்திருப்பான். பெற்ற நான் ஒருத்திதான் அவனுக்காக ஒரு ஆத்தும செபம் கூடச் சொல்லாமல், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன். அவன் அங்கே என் செபத்துக்குக் காத்துக்கொண்டு இருந்திருந்தால்? வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நான் இப்படி விட்டிருப்பேனா?

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து சேட்டுகளை எடுத்தேன். ஏழு சேட்டு. ஆறை மடித்து ஜெகதீசின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வேண்டாம் மாமி, வேண்டாம் மாமி என்று பின்னுக்குப் பின்னுக்குப் போனான். போட்டுக்கொண்டு கடலுக்குப் போ, இனிமேல் பெயர் வாசிக்கும்போது மட்டும் மூச்சு விட்டு வாசி என்றேன். படகுக்குள் கிடந்த சேட்டை நான் வைத்துக்கொண்டேன். அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன், அதைக் கேட்காதே.

பிறகு சுவாமியிடம் போனேன். ஒரு உடல் இல்லாமல் ஆத்தும பூசை வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம் என்றார். நம்பிக்கையை விட்டுவிட்டேன் என்று ஆண்டவர் நினைக்கமாட்டாரா என்றும் கேட்டேன். அவர் வயதில் உன்னை விடச் சின்னவர். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்கள் விடேல்லை அம்மா, நீங்கள் இவ்வளவு நாளும் வள்ளம் வாற ஜெட்டியில நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், இனி வேற இடத்தில நிண்டு பாக்கப்போறியள். கடைசித் தீர்வை நாளில கடலும் தன்னட்டை இருக்கிற ஆக்களைத் திருப்பித் தரத்தான் வேணும்" என்றார். அது எனக்குப் போதும். அவனைக் காண்பேன் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் இனிக் கரையில் நின்று பார்க்கமாட்டேன், போய்த்தான் காண்பேன். அதுவரைக்கும் செய்யவேண்டிய வேலையைச் செய்வேன். செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியை நிறுத்தவில்லை, அதை உனக்காகக் கொளுத்துகிறேன். தொலைந்து நிற்கிற மற்றப் பிள்ளை நீதானே.

இப்போது உன்னுடைய கதைக்கு வருகிறேன், இதற்காகத்தான் முழுக் கடிதமும். நீ ஏன் மூன்று வருடமும் ஒளித்து ஒளித்துப் பெயர் எழுதுவித்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த அமலோற்பவ மாதா திருநாளுக்கு முதல் நாள் நீயும் அவனும் போனில் பிடித்த சண்டை எனக்குக் கேட்டது. நீ அவனை வெளிநாட்டுக்கு வெளிக்கிடு வெளிக்கிடு என்றாய், அவன் அம்மாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றான். அப்படியெண்டால் அங்கேயே கடலுக்குள் கிடந்து சா என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்தாய். நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன், போன் சத்தமாகப் போட்டுக் கிடந்தது. மற்ற நாள் திருநாள், யாரும் தொழிலுக்குப் போகவில்லை, வலை கடலில் கிடந்தது. அதற்கு அடுத்த நாள், ஒன்பதாம் திகதி, காற்றுக்குள் வலை எடுக்கப் போனவன்தான். அந்தச் சொல்லை நீ தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரிந்தும், அதைப் பற்றிக் கதைத்தால் அவன் செத்துவிட்டான் என்று நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அது என் பிழை, பெரிய பிழை. உன்னை மூன்று வருடம் அதற்குள் தனிய விட்டுவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போனை வைத்த பிறகு அவன் சிரித்தான். "அண்ணைக்கு அங்க குளிர் தலைக்கு ஏறிட்டுது அம்மா, அதுதான் இப்பிடிக் காய்ச்சல் கதை கதைக்கிறார், விடிய எடுத்துச் சமாளிப்பார் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான், மீன் பொரியல் காணாது என்று என்னோடு சண்டையும் பிடித்தான். அவன் அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போகவில்லை. அவன் வலைக்குப் போனான், காற்று வந்தது. நீ சொன்னதற்காகக் கடல் எழும்பாது மகன், கடலுக்கு நீ அவ்வளவு பெரிய ஆள் இல்லை.

மார்கழி ஒன்பதாம் திகதி அவனுக்கு ஆத்தும பூசை. மாதா திருநாளுக்கு வருகிற சுவாமி மற்ற நாளும் நிற்கிறார், பின்னேரம் ஐந்து மணிக்கு வைக்கிறார். சவிரிமுத்து அண்ணரிடம் சொல்லிவிட்டேன், அவரும் வாசிக்கவேண்டாம், ஜெகதீசும் வாசிக்கவேண்டாம், அந்தப் பெயரை நானே சொல்லுவேன். பிள்ளையின் பெயர் சொல்ல எழுத்துத் தெரியவேண்டியதில்லை. அப்போது உனக்கு மத்தியானம் பன்னிரண்டரை மணியாம், உணவகத்தில் வேலை கூடின நேரம் என்று சொல்லுவாய். முதலாளியிடம் ஒரு மணித்தியாலம் கேள். கேட்டுவிட்டு உன் வீட்டுக்குக் கிட்டவுள்ள கோயிலுக்குள் போய் இரு. பூசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு முதல் ஒரு நல்ல சுவாமியாகப் பார்த்து, அந்தச் சொல்லை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய். நான் மன்னித்துவிட்டேன், அவன் அன்றைக்கே சிரித்துவிட்டான், மிச்சம் உனக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. அன்றைக்குத் தங்கச்சி போனைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். நீ எடுக்கவேண்டும். அவன் பெயரை நான் சொல்லும்போது நீயும் அங்கே சொல்லவேண்டும்.

தங்கச்சியைப் பற்றியும் கவலைதான். படகை வெறுமையாகக் கட்டி இழுத்து வந்த நாளில் இருந்து இவள் எந்த வள்ளத்திலும் காலை வைக்கவில்லை. அக்கரைக்குப் போய் மேலே படிக்கமாட்டேன் என்று பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டாள். பல்லுக் கொதித்து முகம் வீங்கினபோதும் வள்ளத்தில் ஏறவில்லை, உப்புத் தண்ணி கொப்பளித்துக்கொண்டு கிடந்தாள். நான் வற்புறுத்தப்போவதில்லை. ஆனால் இவளுக்கு எழுத நல்ல கை, நான் தாறுமாறாகச் சொல்கிறதையும் எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறாள் பார். நீ கதைக்கும்போது அதைச் சொல்லு, ஒளித்து எழுதுகிற வேலை மட்டும் இனிக் கொடுக்காதே. திங்கட்கிழமை கண் காட்ட யாழ்ப்பாணம் போகிற சவிரிமுத்து அண்ணரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன், அவர் ஊர்காவற்றுறையில் தபாலில் போடுவார். பூசைக்கு முதல் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

வேலைக்குப் போகும்போது காதை மூடித் தொப்பி போடு. சாப்பாட்டைத் தள்ளி வைக்காதே, சமைத்துச் சமைத்து ஊருக்குப் போடுகிறவன் தான் பட்டினி கிடக்கிறது அழகில்லை. மாதாவின் சேலைத் தலைப்புக்குள் நீ எந்நேரமும் இருக்கவேண்டும், சம்மனசுகள் உன் வழியைக் காக்கவேண்டும், உன் தம்பிக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியைக் கொடுக்கவேண்டும் என்று, முதல் தடவையாக அந்தச் சொல்லையும் சேர்த்து, உன் நெற்றியில் இங்கே இருந்தே சிலுவை போடுகிறேன். மார்கழி ஒன்பது, பன்னிரண்டரை. மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
செபஸ்தியம்மா
+
(இந்தச் சிலுவை அம்மா தன் கையால் போட்டது.)

பெரியண்ணா, இனி எழுதுவது அம்மா சொன்னதில்லை, நான் தர்சனா. இன்று திங்கட்கிழமை. காலையில் ஜெட்டியில் சவிரிமுத்துப் பெரியப்பா கடிதத்துக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "என்ன பிள்ளை, தரப்போறியோ, இல்லாட்டி வள்ளத்தை மறிச்சு வைச்சிருக்கப் போறியோ?" என்று கேட்டார். வள்ளக்காரர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். இப்போது ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் சனம் இருக்கிற வாங்கில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். என் பாவாடைக் கரை இன்னும் காயவில்லை. முத்திரை வாங்கிவிட்டேன், ஒட்டுகிறேன்.